நாளொரு பக்கம்

தாண்டிக்குடிப் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். செக்ரோல் என்கிற தொழிலாளர் வருகைப் பேரேடு, சம்பளப் பட்டியல், உரம் மருந்து இருப்புக் கணக்கு ஆகியவற்றோடு, ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்திருக்கும் நீரை அளந்து பதிவேட்டில் ஏற்றுவதும் என் பொறுப்பு. மழையே பெய்யாத நாளிலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. ஒரு சுழியாவது போட்டாக வேண்டும். பழைய பதிவேடுகளில் அங்குலமும் சென்ட்டுமாகக் கணக்கு இருக்கும்; நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்களின் கையெழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும்: இவர்களில் எவரும், இன்றைய மழை பதிவு செய்யும் அளவுக்குச் சிறப்பானதா என்று யோசித்துக்கொண்டு பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டார்கள்.

இதே மேசையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கென்று ஒரு கட்டுரை எழுத முடியாமல் பல ஆண்டுகள் கழித்தேன். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கீழ்ப்பழனி மலையின் காப்பி, மிளகு, மலைவாழை, கமலா ஆரஞ்சு, அவற்றை நம்பி வாழும் குடும்பங்கள், அந்தி சாயும் நேரத்தில் சோலை ஓரத்தில் வந்து நிற்கும் காட்டுமாடுகள் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தன. ஆனால் முதல் வாக்கியம் பிடித்தபடி அமையும்வரை இரண்டாவது வாக்கியத்துக்குப் போக மனம் இடம் கொடுக்காது. முதல் வாக்கியமோ எத்தனை முறை அடித்து எழுதினாலும் அமையாது. அதற்குள் பொழுது போய்விடும். எழுத உட்கார்ந்தபோது இருந்த உற்சாகமும் வடிந்துவிடும். வீட்டில் இதைச் சோம்பல் என்று சொன்னார்கள். சோம்பேறிக்கு வேலை செய்யாமல் இருப்பதில் ஒரு சுகமாவது உண்டு. எழுதாமல் இருப்பவருக்கு அந்தச் சுகமும் கிடையாது. எழுதாத கட்டுரை நாள் முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். குறையே இல்லாமல் எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிடிவாதம் கூடுதலாகவே வருகிறது என்று நினைக்கிறேன். நாம் பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் வேறொன்று. மனத்தில் ஒரு செய்தி பேச்சு மொழியில் வந்து நிற்கிறது; அதைத் தாளில் இறக்குவதற்குள் உடை மாற்றிவிட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியிலேயே பாதி எண்ணங்கள் உதிர்ந்துவிடுகின்றன. பள்ளியில் கட்டுரை என்றால் முன்னுரை, உட்தலைப்புகள், நடுவே ஒரு மேற்கோள், கடைசியில் முடிவுரை என்று பழக்கியிருக்கிறார்கள். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது, றகரமா ரகரமா, ணகரமா னகரமா என்ற கேள்விகள் சிவப்பு மையின் நிறத்திலேயே நினைவில் தங்கியிருக்கின்றன. வளர்ந்து, வேலைக்கு வந்து, பிள்ளைகள் பெற்ற பிறகும், தாளின் ஓரத்தில் அந்த ஆசிரியர் பேனாவோடு நிற்பதாகவே பலருக்குத் தோன்றுகிறது. பிழையில்லாத தமிழை நான் மிகவும் மதிக்கிறேன். ஒற்றுப்பிழை நிறைந்த ஓர் அறிவிப்புப் பலகையைக் கடந்து போவதே எனக்குக் கடினம். ஆனால் பிழை பற்றிய கவலை எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது முக்கியம். அது எழுதும்போதே வந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு திருத்துவதற்குத் தாளில் எதுவுமே இருக்காது.

பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் இந்த முழுமைப் பிடிவாதத்தை மூன்று வகையாகப் பிரித்து அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். தன்னிடம் தானே குறையற்றதை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் அதை எதிர்பார்ப்பது இன்னொன்று. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் படித்தபோது எனக்குப் பல முகங்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் பகுதியில் எழுத விரும்பி எழுதாமல் இருக்கிற பெரும்பாலானோரை நிறுத்தி வைப்பது, 'நான்கு பேர் என்ன சொல்வார்கள்' என்ற இந்த நம்பிக்கைதான். அந்த நான்கு பேர் யார் என்று கேட்டால் யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாது.

என் எண்ணம் மாறியதில் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் நடந்துவந்த வானாய்வுப் பணியின் தொடர்ச்சியாக 1899இல் மலைமேல் நிறுவப்பட்ட அந்த ஆய்வுக்கூடம், இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1904ஆம் ஆண்டு முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வருகிறார்கள். தொடக்கத்தில் கண்ணாடித் தட்டுகளில் எடுத்தார்கள், பிறகு ஃபிலிமில், இப்போது டிஜிட்டலில். அட்சரேகையும் தீர்க்கரேகையும் அச்சிட்ட வட்டத்தின் மேல், சூரியப் புள்ளிகளையும் விளிம்பில் எழும் சுடர்களையும் வெவ்வேறு நிறத்தில் கையால் வரைந்து வைத்த தாள்களும் இருக்கின்றன. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே இருந்துதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் முழுவதும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத்தான் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கண்டுபிடிப்பு எதுவும் நிகழாத மற்ற நாட்களில் நடந்த வேலை.

கொடைக்கானலின் வானத்தை அறிந்தவர்களுக்கு அந்த வேலையின் சிரமம் தெரியும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் நாள் கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. அந்த நாட்களுக்குப் படம் இல்லை. எடுத்த படங்களிலும் கீறல் விழுந்தவை, மங்கியவை, மெல்லிய மேகம் குறுக்கே வந்தவை என்று பலவிதம் உண்டு. எவர் எந்த நாளில் வரைந்தார் என்பதைப் பொறுத்துக் கையின் அழுத்தம்கூட மாறியிருக்கும். அவற்றையெல்லாம் தூக்கி எறியாமல் தேதியோடு அடுக்கி வைத்ததால்தான், அவை பிற்காலத்தில் டிஜிட்டலாக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சூரியனின் போக்கை ஆராய்கிறவர்களுக்கு இன்று பயன்படுகின்றன. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. எந்த ஒரு நாளின் படமும், அது எவ்வளவு துல்லியமாக அமைந்திருந்தாலும், இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. கீறலும் இடைவெளியும் கொண்ட நீண்ட வரிசைதான் காட்டும். தரத்தைத் தனித்தனிப் பக்கத்தில் தேடிக் களைத்துப்போயிருந்த எனக்கு, அதை வரிசையில் தேடலாம் என்று தோன்றியது இதிலிருந்துதான்.

தமிழில் இதற்கு நிகரான சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த அவர், 1736 முதல் 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், ஊரில் யாரைப் பற்றி யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம், பேச்சுத் தமிழும் பாரசீக, பிரெஞ்சு, போர்த்துகீசியச் சொற்களும் கலந்த நடையில் போட்டு வைத்திருக்கிறார். அந்த நடையைப் புலவர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகுதான் எழுதுவேன் என்று அவர் காத்திருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அன்றாட வாழ்வு ஒரு தமிழரின் கண் வழியாக நமக்குக் கிடைத்திருக்காது.

நான் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் மிகவும் எளியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம். கோடு போட்ட நீளமான நோட்டு. தலையில் தேதியும் அன்றைய மழையளவும். பிறகு அன்று கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம். தாளைக் கிழிப்பதில்லை. எழுதிய வரியை அடிப்பதில்லை. சொல் கிடைக்காவிட்டால் தோட்டத்தில் புழங்குகிற சொல்லையே போட்டுவிட்டு மேலே போவது. முந்தைய பக்கங்களை மாதக் கடைசி வரை திருப்பிப் பார்ப்பதில்லை. இவற்றில் மிகக் கடினமானது அடிக்காமல் எழுதுவதுதான். கணக்குப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது தொழில் ஒழுக்கம் என்பதால் எனக்கு அது சுலபமாக வரும் என்று நினைத்தேன். ஆனால் எண்ணை எழுதும்போது கையில் இருக்கும் உறுதி, உணர்ச்சியை எழுதும்போது இருப்பதில்லை. ஒரு வரி கோணலாக விழுந்தவுடன் பேனா தானாகவே பின்னால் போகும். அதை முன்னால் நகர்த்துவதற்கு முதல் சில வாரங்கள் உடம்பைப் பழக்குவதுபோலத்தான் பழக்க வேண்டியிருந்தது.

அந்தத் தொடக்கப் பக்கங்களில் பல வெறும் செய்திகள். 'மழை. கரண்ட் இல்லை. பல்ப்பர் ஓடவில்லை. பழம் தொட்டியிலேயே கிடக்கிறது' என்று ஒரு நாள் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் அன்று எதுவும் வரவில்லை. ஆனால் காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பர் எந்திரத்தில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும், கிடந்தால் புளித்துப் போகும், புளித்தால் விலை போகாது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நான்கு துண்டு வாக்கியங்களில் ஒரு வீட்டின் முழு இரவுக் கவலையும் இருக்கிறது. பின்னாளில் அறுவடைக் காலத்தைப் பற்றி எழுதியபோது, நான் யோசித்து யோசித்து அமைத்த வாக்கியங்களுக்கு நடுவே அந்த நான்கையும் அப்படியே வைத்தேன். அந்தக் கட்டுரையில் உயிருள்ள இடம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்தப் பழக்கத்தின் முழுப் பயனை எனக்குக் காட்டியது காப்பிப் பூ. காப்பிச் செடி பூப்பதற்குக் கோடையில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்பார்கள். மார்ச், ஏப்ரலில் அது விழுந்தால், ஏறத்தாழ ஒன்பது பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே மூச்சில் பூத்துவிடும். அதன் பிறகு சில வாரங்களுக்குள் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிலைக்கும். பூவோ இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தங்காது. காப்பிப் பூவைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டும் என்பது என் நீண்டகால ஆசை. ஒவ்வோர் ஆண்டும் பூப்பதைப் பார்த்துவிட்டு, 'தோட்டம் வெண்பனி போர்த்தியதுபோல்' என்று தொடங்கி, எல்லோரும் எழுதியிருக்கிற அந்த வரியோடு நின்றுவிடுவேன்.

நாள்தோறும் எழுதத் தொடங்கிய பிறகு வந்த பூ மழையின்போது, நான் பூவுக்காகக் காத்திருக்கவில்லை. மழை விழுந்த மறுநாளே நோட்டில் அது வந்துவிட்டது. கணுவுக்குக் கணு மொட்டுகள் பச்சையாக, அரிசி மணி நீளத்துக்கு, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று முதல் நாள் குறிப்பு சொல்கிறது. அடுத்த பக்கங்களில் மொட்டு நீள்கிறது, பச்சை வெளுக்கிறது. சில்வர் ஓக் நிழல் அடர்ந்த சரிவில் இருக்கும் செடிகள் சாலையோரச் செடிகளுக்குப் பின்தங்கியிருக்கின்றன. மேஸ்திரி விரலால் ஒரு மொட்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, 'நாளன்னைக்குப் பொழுது விடியப் பூத்துரும்' என்கிறார். பூப்பதற்கு முந்தைய மாலையில் எல்லா மொட்டுகளும் வெள்ளையாகி விறைப்பாக நிற்கின்றன. மறுநாள் விடிகாலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே, ஜன்னல் இடுக்கு வழியாக மல்லிகைக்கு மிக நெருங்கிய அந்த மணம் வருகிறது; வெயில் ஏறியதும் தேனீக்களின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் சற்று உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் இதழ்கள் பழுப்பேறி, தொட்டால் கையோடு வருகின்றன. இதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு நோட்டில் பூ இல்லை, வானம்தான் இருக்கிறது: பின்மழை வருமா வராதா என்று எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூவின் கதையில் அந்தக் காத்திருப்பு இவ்வளவு பெரிய பகுதி என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஓர் இரவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியிருந்தால் அது தெரிந்திருக்கவும் வழியில்லை.

மனநிலை வரும்போது எழுதினால்தான் நல்ல எழுத்து வரும் என்று நம்புகிறவர்கள் பலர். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 1983இல் வெளியிட்டார். 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு அவசரம் தவிர வேறெதற்கும் எழுதக் கூடாது. இன்னொரு குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும், தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். மூன்றாவது குழு, தோன்றும்போது எழுதியவர்களைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு பக்கங்கள் எழுதியது. பக்கம் கூடியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்கள் அதிகமாக உதித்ததும் அந்தக் குழுவுக்குத்தான் என்பதுதான் கவனிக்க வேண்டிய முடிவு. சிறிய சோதனைதான், ஆனால் வாராவாரம் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக் கொடுத்த நம் முன்னோடிகளைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நாள் தவறுவது உண்டு. பழம் பறிக்கும் காலத்தில் எடை போட்டு, கணக்கு முடித்து, வீட்டுக்கு வரும்போதே இரவு வெகு நேரமாகிவிடும். குறையே கூடாது என்று நினைக்கும் மனத்துக்கு இங்கேதான் பெரிய ஆபத்து: ஒரு நாள் விட்டுப்போனவுடன், 'தொடர் அறுந்துவிட்டது, இனி என்ன' என்று மொத்தத்தையும் கைவிட்டுவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. ஒரு புதிய செயல் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எழுத முடியாத நாட்களில் நான் தேதியை மட்டும் எழுதி, மழைப் பதிவேட்டில் போடுவதுபோல் ஒரு சுழி போட்டுவிடுகிறேன். சுழியும் ஒரு பதிவுதான். அடுத்த நாள் அதற்குக் கீழே எழுத இடம் இருக்கிறது.

எல்லோருக்கும் இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு இந்தப் பிடிவாதம் எழுத்தோடு நிற்பதில்லை. தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்து, தான் எதற்கும் தகுதியில்லை என்ற இடம் வரை கொண்டுபோய்விடும். அப்படி இருப்பவர்கள் நோட்டு வாங்குவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பூம்பாறையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, அந்த ஊர் மக்கள் அதை எப்படி விதைத்து, உலர்த்தி, பாதுகாக்கிறார்கள் என்று முழுமையாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் பேசினார்.

"இன்னும் தொடங்கலக்கா. எங்க அப்பத்தா காலத்துல எப்படிப் பண்ணாங்கன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு எழுதலாம்னு பாக்குறேன்."

"அப்பத்தா எங்கே இருக்காங்க?"

"வீட்டுலதான் இருக்காங்க. பூண்டு உரிச்சுக்கிட்டிருக்காங்க."

"அப்ப அவங்க கை எப்படிப் போகுதுன்னு இன்னைக்கு ஒரு பக்கம் எழுதுங்க தம்பி. நாளைக்கு அவங்க சொல்றதுல ஒண்ணை எழுதுங்க."

"ஒற்றுப்பிழையெல்லாம் வருமேக்கா, நான் தமிழ் சரியாப் படிக்கலையே."

"வரட்டும். தேதி மட்டும் மறக்காமப் போடுங்க. பிழையை மாசக் கடைசில ரெண்டு பேரும் உக்காந்து பாத்துக்கலாம்."

அவரிடம் சொன்ன அந்த மாதக் கடைசி எனக்கும் உண்டு; கறாரான ஆளாக நான் மாறுவது அப்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கு ஒதுக்கிவிடுவேன். அந்த மாதத்துப் பக்கங்களை வரிசையாகப் படித்து, பென்சிலால் ஓரத்தில் கோடு போடுவேன். பெரும்பாலான பக்கங்களில் கோடு விழாது; அவை அப்படியே நோட்டில் இருக்கும். கோடு விழுந்தவற்றில் ஒன்றோடொன்று பேசக்கூடியவற்றை எடுத்துத் தட்டச்சு செய்து, அதன் பிறகு எவ்வளவு கடுமையாகத் திருத்த முடியுமோ அவ்வளவு கடுமையாகத் திருத்துவேன். சொல் சரியா, செய்தி சரியா, ஒற்று சரியா, இந்தப் பத்தி தேவையா என்று எல்லாக் கேள்விகளும் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுக்கு முழு மரியாதை கொடுக்கிறேன். காப்பி சம்பந்தப்பட்ட ஐயம் என்றால் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பேன். கடைசியில் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டுவேன்; அவர் எங்கே கேட்பதை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தை வெட்டுவேன். திங்கட்கிழமை காலையில் அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் வெளியே போய்விடும். இந்த மாதம் அம்மா மிளகுக் கொடி கட்டுவதைப் பற்றிய பகுதியில் இரண்டு இடத்தில் முற்றத்தைப் பார்த்தார். ஓர் இடத்தை வெட்டிவிட்டேன், இன்னொன்றை, அவர் பார்த்தது அப்போது வந்த மழைக்காக என்பதால், அப்படியே விட்டிருக்கிறேன்.